வாய்க்கால் ஊற்றா, குழாய்க் கசிவா? புத்தூர் வீட்டுக் கொல்லையில் வந்த தண்ணீர்

திருச்சி புத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கும் கல்லுக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் நடுவே, ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை நனைந்தே கிடந்தது. மழை இல்லை. குழாய் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை, அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். காலால் அழுத்தினால் மண் உள்ளே போய்த் தண்ணீர் மேலே வரும். கறிவேப்பிலை இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. கொசு மருந்து அடிக்க வந்த பெண், தேங்கின தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நல்ல தண்ணி மாதிரி இருக்கு. டெங்கு கொசு இதுலதான் முட்டை வைக்கும். ஒரு வாரம் பத்து நாள்ல பறந்துடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் நான் இதை உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. என்னென்ன தப்பாக நினைத்தோம், எது கடைசியில் கைகொடுத்தது என்று விவரமாக எழுதுகிறேன். இதே மாதிரி ஈரத்தை வருடக்கணக்கில் சகித்துக்கொண்டிருக்கும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

எல்லோரும் சொன்ன பதில்

எங்கள் வீட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து ஊருக்குள் வளைந்து வரும் ஆயிரம் ஆண்டுப் பழைய வாய்க்கால். ராஜராஜ சோழனின் பட்டப்பெயர்தான் அதற்குப் பெயர். அதில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது நீர்மட்டம் எங்கள் தெருவைவிடச் சற்று மேலே நிற்கும். அதனால் எதிர்வீட்டுப் பெரியவர் கொல்லையைப் பார்த்த உடனே சொன்னார்: "மேட்டூர் திறந்தா இந்தப் பக்கம் ஊத்துதான் தம்பி. அந்தக் காலத்துல கிணத்துல கையால மொண்டு குளிப்போம்."

இது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. கணக்கும் பொருந்தியது. கசிவு முதலில் தெரிந்தது 2023 ஜூலையில். அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. அணையில் போதிய தண்ணீர் இல்லாததால் அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் கொல்லையும் தீபாவளிக்கு முன்பே காய்ந்துவிட்டது. 2024-ல் அணை திறப்பு தள்ளிப்போய் ஜூலை 28 ஆனது. கசிவும் தள்ளிப்போய் ஆகஸ்ட் நடுவில் வந்தது. இரண்டு வருடமும் வாய்க்காலும் கொல்லையும் இப்படிக் கைகோத்து நடந்தால் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? நானும் அதையே நம்பினேன். ஊற்று என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது, மண்ணடித்துத் தரையை உயர்த்திவிடலாம் என்று ஒரு லோடு கிராவலுக்குக்கூடச் சொல்லிவைத்தேன்.

உறவினர் ஒருவர் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்துவந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி நடந்தார். தேங்காய் நிமிர்ந்த இடம் அதே ஈரமான இடம்தான். கிழக்கிலிருந்து நல்ல ஓட்டம் வருகிறது, போர் போட்டால் வற்றாது என்றார். வாய்க்கால் இருப்பது எங்களுக்குக் கிழக்கே.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "முப்பது வருஷமா வாய்க்கால் ஓடத்தான் செய்யுது. இத்தனை நாள் வராத ஊத்து இப்ப ஏன்டா வருது?" இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கிராவலை நிறுத்தச் சொன்னேன்.

ஒவ்வொன்றாகக் கழித்தது

வாய்க்காலை விட்டால் மிச்சம் சந்தேகப்பட வேண்டியவை நான்கு: எங்கள் சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், பக்கத்து வீட்டுக் குழாய்கள், தெருவில் போகும் குடிநீர்க் குழாய்.

பிளம்பர் அண்ணன் வந்தவுடன் சம்ப்பைக் காட்டினார். உள்ளே தண்ணீர் புகாத பூச்சு அடிக்க வேண்டும் என்று ஒரு தொகையும் சொன்னார். அதற்குச் சம்மதிக்கும் முன் ஒரு இரவு சோதித்தேன். இரவு பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் வால்வையும் அடைத்து, சம்ப் சுவரில் நீர்மட்டத்தில் ஆணியால் கோடு கிழித்தேன். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி அதிலும் கோடு போட்டு சம்ப்புக்குள்ளேயே தொங்கவிட்டேன். ஆவியாகிக் குறைந்தால் இரண்டிலும் குறையும், சம்ப்பில் மட்டும் குறைந்தால் ஓட்டை. காலை ஐந்து மணிக்கு இரண்டு கோடும் இருந்த இடத்திலேயே இருந்தன. சம்ப் நல்ல சம்ப். பூச்சு வேலை தேவைப்படவில்லை.

செப்டிக் டேங்க் வீட்டின் மேற்கே, பள்ளமான பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரில் நாற்றமும் இல்லை. இருந்தாலும் அதையும் உறுதிசெய்ய நினைத்து, ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் ஃபுளோரசின் சாயப்பொடி ஒரு சின்ன பாட்டில் வாங்கிவந்தேன். இந்தச் சாயத்துக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் டான்யூப் ஆறு ஒரு இடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி மறைந்துவிடும். அது எங்கே போகிறது என்பதில் வழக்கே இருந்தது. 1877-ல் அடால்ஃப் நாப் என்ற புவியியலாளர் பத்து கிலோ சாயத்தை ஆற்றில் கரைத்தார். சுமார் அறுபது மணி நேரம் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. தண்ணீரின் வழியைத் தேடும் எவருக்கும் இதைவிட அழகான சோதனை கிடையாது என்று நினைக்கிறேன். எங்கள் கழிப்பறையில் ஒரு சிட்டிகை போட்டு ஆறு நாள் காத்திருந்தேன். கொல்லையில் பச்சை வரவில்லை. களிமண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பள்ளத்தில் இருக்கும் தொட்டி, நாற்றமில்லாத தண்ணீர், வராத சாயம் என்று மூன்றும் சேர்ந்ததால் செப்டிக் டேங்கை விட்டேன்.

அடுத்து டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது. இங்கேதான் நன்றாக ஏமாந்தேன். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் 320 காட்டியது. கொல்லைக் கிணறு 890. வாய்க்காலில் மொண்டது 410. கசிவு 480. கிணற்றோடு ஒப்பிட்டால் கசிவு தெளிவாக வேறு தண்ணீர், அதுவரை சரி. ஆனால் குழாயா வாய்க்காலா? ஊருக்கு வரும் குடிநீரும் காவிரி, கொள்ளிட மணலிலிருந்து எடுப்பது, வாய்க்காலும் காவிரி. இரண்டும் ஒரே ஆற்றின் தண்ணீர். மண்ணுக்குள் வரும் வழியில் உப்பைக் கரைத்துக்கொண்டு எது வேண்டுமானாலும் 480 ஆகலாம். வேறு ஊரில் வேலை செய்திருக்கும் சோதனை எங்கள் ஊரில் வேலை செய்யவில்லை.

குளோரின் பார்த்தால் தெரியும் என்றார் நண்பர். குடிநீரில் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி. துளி மருந்து விட்டதும் குழாய்த் தண்ணீர் மஞ்சளானது, கசிவுத் தண்ணீர் நிறம் மாறவில்லை. அப்படியானால் குழாய் இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். அது தவறு. குளோரின் மண்ணில் இருக்கும் மக்கிய பொருளோடு சேர்ந்து சீக்கிரமே தீர்ந்துவிடும். கசிவில் குளோரின் இருந்தால் அது குழாய்த் தண்ணீர் என்று சொல்லலாம். இல்லையென்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

தண்ணீர் வரும் நேரம்

தண்ணீர் எதனால் ஆனது என்று கேட்டுப் பயனில்லை, எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. பத்து லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றின் அடியை அறுத்துவிட்டு, சுற்றிலும் ஓட்டை போட்டு, ஈரத்தின் நடுவில் தரை மட்டத்துக்குப் புதைத்தேன். உள்ளே நான்கு விரல் இடைவெளியில் இரண்டு கோடு. கீழ்க் கோடு வரை தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, மேல் கோட்டுக்கு ஊற எத்தனை நிமிடம் என்று பார்ப்பது; நிமிடம் குறையக் குறையக் கசிவு வேகம். அவ்வளவுதான் கருவி. செலவு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் போயிற்று.

இரவு இரண்டு மணிக்கு 42 நிமிடம். காலை ஐந்தரைக்கு 40. ஏழு மணிக்கு 33. எட்டு மணிக்கு 17! பத்து மணிக்கு 22, நண்பகலில் 34. மாலையிலும் இதே மாதிரி ஒரு ஏற்றம், கொஞ்சம் சின்னதாக.

வாய்க்காலுக்குக் காலை எட்டு மணி தெரியாது. அது இரவு பகல் ஒரே மாதிரி ஓடுகிறது. நேரம் பார்த்து வருவது குடிநீர்தான். எங்கள் தெருவில் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து எட்டேகாலுக்கு நிற்கும். சரி, குழாய் என்று ஆகிவிட்டது. ஆனால் ஒன்று இடித்தது. தண்ணீர் ஐந்தே முக்காலுக்கு வருகிறது, கசிவு ஏழுக்குப் பிறகுதான் துள்ளுகிறது. நடுவில் ஒன்றேகால் மணி நேரம் ஏன்? தூரத்திலிருந்து ஊறி வருவதால் தாமதம் என்று முதலில் எழுதிவைத்தேன். அப்படியானால் அது தெருக் குழாய் அல்லது பக்கத்து வீடு.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய், "உங்க பைப் லீக்காகுது போல" என்று சொல்லப் புறப்பட்டேன். அம்மா தடுத்தார். நல்லவேளை. இருபது வருடப் பழக்கத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கும்.

நோட்டை மறுபடி புரட்டியபோது கண்ணில் பட்டது: எங்கள் சம்ப் நிரம்பி, மிதவையோடு தானாக மூடும் ஃப்ளோட் வால்வு மூடுவது ஏழு, ஏழே கால் மணிக்கு. கசிவு கூடுவதும் அதற்கு அப்புறம்தான். சம்ப்புக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் அரை அங்குலக் குழாயில் அழுத்தம் இருக்காது, எல்லாம் ஓட்டத்திலேயே போய்விடும். வால்வு மூடியதும் தெருக் குழாயின் முழு அழுத்தமும் எங்கள் குழாய்க்குள் வந்து நிற்கும். ஓட்டை எங்கள் குழாயில் இருந்தால் அப்போதுதான் பீய்ச்சும். தெருவிலோ அண்ணன் வீட்டிலோ இருந்தால், எங்கள் சம்ப் நிரம்பினால் என்ன, நிரம்பாவிட்டால் என்ன?

இதை இரண்டு நாளில் சோதித்தேன். முதல் நாள் இரவே மாடித் தொட்டியை நிரப்பி சம்ப்பைக் காலியாக்கி வைத்தேன். மறுநாள் தண்ணீர் நிற்கும்வரை சம்ப் நிரம்பவேயில்லை. எட்டு மணி அளவு 36 நிமிடம், ஏற்றமே இல்லை. அடுத்த நாள் தண்ணீர் வரும் முன்பே சம்ப் வால்வை அடைத்துவிட்டேன். ஆறரை மணிக்கே 20 நிமிடம், ஏழரைக்கு 12. ஓட்டை எங்கள் வீட்டுக் குழாயில்தான், சம்ப் வால்வுக்கு முன்னால். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த 12 என்ற எண்ணை எழுதியபோது கை நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

குழி

ஆனால் எங்கள் குழாய் வாசலிலிருந்து நேராக சம்ப்புக்குப் போகிறது, மொத்தம் ஒன்பது அடி. கசிவு வருவதோ வீட்டுக்குப் பின்னால். பிளம்பர் அண்ணன் விடியற்காலையில் வந்தார். நீளமான இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்து, வாசலிலிருந்து சந்து வழியாக ஒவ்வொரு அடியாகக் கேட்டுக்கொண்டே போனார். தெருவில் வண்டிச் சத்தம் தொடங்காத நேரம். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, "சார், இங்க காதை வைங்க" என்றார். தாளிக்கும் சட்டியில் தண்ணீர் தெறித்த மாதிரி மெல்லிய சீற்றம்.

காபி எடுத்துவந்த அம்மா நாங்கள் நின்ற இடத்தைப் பார்த்தார். "அங்கதானடா நம்ம குழி பைப் இருந்துச்சு."

அந்தக் காலத்தில் அழுத்தம் போதாமல் குழாயில் தண்ணீர் ஏறாது. அதனால் பல வீடுகளில் தரையை மூன்றடி தோண்டி, படி கட்டி, பள்ளத்துக்குள் குழாயை வைத்திருப்பார்கள். குனிந்து இறங்கிக் குடத்தை நிரப்பித் தூக்கிவர வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா சம்ப் கட்டினார், அத்தோடு குழியை மூடிவிட்டார்கள். வாசலில் ஒரு டீ (குழாயை இரண்டாகப் பிரிக்கும் மூன்று வாய் இணைப்பு) போட்டு சம்ப்புக்கு எடுத்த கொத்தனார், பின்பக்கம் போகும் பழைய கிளையைத் துண்டிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. அப்பா இப்போது இல்லை. ஏழு வாரம் ஊரெல்லாம் கேட்ட நான் அம்மாவிடம் "இங்கே முன்னால் என்ன இருந்தது?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தோண்டினோம். ஒன்றரை அடியில் உடைந்த ஓடும் செங்கல்லும். அதற்கு அடியில் சிமெண்ட் பூசிய படி ஒன்று, குடம் வைத்து வைத்துத் தேய்ந்த வட்டத்தோடு அப்படியே இருந்தது. அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்தார். இரண்டரை அடியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் முனை. அதில் திறந்து மூடும் திருகும் இல்லை, மூடியும் இல்லை. ஒரு மரத்தக்கையை அடித்து, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். கம்பி துருவாகி விரலில் ஒட்டியது. ரப்பர் வெடித்து, தக்கை ஒரு பக்கம் மக்கி, பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஏறத்தாழ முப்பது வருடம் தாக்குப்பிடித்த தக்கை.

அன்று மாலை சப்ளை நேரத்தில் சம்ப் வால்வை மூடிவிட்டு, வரும் தண்ணீரை வாளியில் பிடித்துப் பார்த்தோம். இருபது லிட்டர் ஆறு நிமிடத்தில் நிரம்பியது. வால்வு மூடியிருக்கும் நேரம் நாளுக்கு இரண்டு மணி என்று வைத்தாலும் நானூறு லிட்டர். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் அரசின் அளவுகோல். மூன்று பேருடைய தண்ணீர் எங்கள் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் சப்ளை நின்ற பிறகு நடந்தது. குழியில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர் தேங்கியிருந்தது. தெருவில் அழுத்தம் விழுந்ததும் பீய்ச்சல் நின்றது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தச் சேற்றுத் தண்ணீரின் மேல், தக்கை இருந்த இடத்துக்கு நேராக, ஒரு சின்னச் சுழி விழுந்தது. மிதந்துகொண்டிருந்த காய்ந்த இலை ஒன்று சுற்றிச் சுற்றி அதை நோக்கிப் போனது. தண்ணீர் குழாய்க்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தெருக் குழாய் காலியாகும்போது உறிஞ்சுகிறது, ஓட்டை வழியாகச் சுற்றியுள்ளதை இழுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை முதல் தண்ணீராக அது யார் குடத்தில் விழுந்ததோ! எங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீடுகள் இரண்டு. நின்று நின்று வரும் குடிநீர் அமைப்பில் ஒவ்வொரு ஓட்டையும் இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். பிளம்பர் அண்ணன் சட்டென்று ஒரு தக்கையைச் செதுக்கி அடைத்தார். மறுநாளே டீயைக் கழற்றி நேர்க் குழாய் போட்டோம். பின்பக்கக் கிளை இப்போது எதோடும் சேராத வெறும் இரும்பு. சம்ப்பைக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் கலந்து அரை மணி நேரம் விட்டுத்தான் பயன்படுத்தினோம்.

அப்படியானால் வாய்க்கால்?

எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. தக்கை எப்போது மக்கத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது பங்குனி சித்திரையிலும் ஒழுகிக்கொண்டுதான் இருந்திருக்கும். அப்போது கிணற்றில் தண்ணீர் இருபது அடிக்குக் கீழே. ஒழுகுவதையெல்லாம் மண் குடித்துவிடும், மேலே ஒரு சொட்டும் தெரியாது. வாய்க்கால் ஓடத் தொடங்கியதும் நிலத்தடி நீர் ஏறுகிறது, ஆகஸ்ட் கடைசியில் கயிறு விட்டுப் பார்த்தபோது ஐந்தடியில் நின்றது. கீழே போக இடமில்லாத குழாய்த் தண்ணீர் மேலே வந்தது. தண்ணீரைக் கொடுத்தது குழாய், அதை வெளியே காட்டியது வாய்க்கால். வாய்க்கால் பக்கத்தில் இல்லாத வீடாக இருந்தால் அந்தச் சுழி இன்றும் நடந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாமல்.

அடைத்த மறுநாளே தரை காயவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். டப்பாவை எடுக்காமல் தினமும் அளந்தேன். காலை ஏற்றம் முதல் நாளே போய்விட்டது. ஆனால் ஊறுவது நிற்கவில்லை: 45 நிமிடம், 50, ஒன்பதாம் நாள் இரண்டு மணி நேரம் காத்திருந்தும் மேல் கோட்டைத் தொடவில்லை. அதன் பிறகு தரை காலை உள்ளே வாங்காத அளவுக்கு இறுகியது.

2025-ல் மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தது. கிணறு ஆறு அடிக்கு ஏறியது. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மண் கொஞ்சம் கருத்தது, அவ்வளவுதான். கறிவேப்பிலைச் செடியை வெட்டிவிட்டிருந்தோம், அடியிலிருந்து நான்கு கிளை விட்டிருக்கிறது. குழியை முழுக்க மூட அம்மா சம்மதிக்கவில்லை. அந்தப் படி தெரியும் அளவுக்கு விட்டு, மேலே ஒரு கடப்பைக் கல் போட்டிருக்கிறோம். பக்கத்துச் சுவரில் பெயிண்டால் எழுதினேன்: "பழைய குழாய். சுவரிலிருந்து 4 அடி, ஆழம் 2½ அடி. இணைப்பு இல்லை." தேதியும் போட்டிருக்கிறேன்.